ஆறப் போட்ட நிலம்

எங்கள் மலையில் செய்தி என்பது காதுக்கு வரும்போதே ஒருநாள் பழசாகியிருக்கும். போளூரிலிருந்து ஏறி வருகிற பஸ்ஸில், மண்ணெண்ணெய் டின்னுக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவில் கசங்கிக் கிடந்து, மத்தியானத்துக்கு மேல்தான் செய்தித்தாள் பள்ளிக்கூட வாசலில் இறங்கும். சில நாள் பஸ்ஸே வராது. வராத நாளில் உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வந்த தாளை மறுநாள் காலை பிரேயரில் நின்று வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்திருந்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எண்பதுகளின் தொடக்கம், மழை ஏமாற்றிக்கொண்டிருந்த வருஷங்கள்.

நான் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. 'வூடு' என்று வாயில் வந்துவிடாமல் 'வீடு' என்று வாசிக்கத் தெரிந்தவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் என்று தமிழ் சார் கண்டுபிடித்துவிட்டார். வாரம் முழுக்கப் பள்ளி விடுதியில் தங்கல், சனிக்கிழமை வீட்டுக்கு நடை, ஞாயிறு சாயங்காலம் திரும்ப நடை. நடுவில் இருக்கிற நாட்களில் காலையில் எழுந்து, முகம் கழுவி, உலகம் எப்படியெல்லாம் கெட்டுப்போகிறது என்று உரத்த குரலில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் உப்புமாவுக்கு ஓடுவார்கள்.

செய்தி என்றால் அந்த வருஷங்களில் வேறென்ன? மழை இல்லை, ஏரி காய்ந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. கீழே ஊர்களில் தோல் கழுவின தண்ணீர் ஆற்றில் இறங்கிக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. காடு அழிகிறது, மரம் நடுவோம். 'சுற்றுச்சூழல்' என்கிற சொல் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. முதல் தடவை வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் திணறினேன். அப்புறம் அது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி பழகிவிட்டது. போதும்டா சாமி என்று இருக்கும். ஒரே ஒரு நாளாவது ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒன்று நன்றாக இருக்கிறது என்று போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று எரிச்சலாக வரும்.

ஒருநாள் இப்படித்தான் வாசித்துக்கொண்டே போகிறேன், 'மலைவாசிகள் காட்டை எரித்து விவசாயம் செய்வதால் மழை வளம் குறைந்து வருகிறது' என்று ஒரு வரி. முற்றுப்புள்ளி வரைக்கும் கணீரென்று வாசித்துவிட்டேன். அடுத்த வரிக்குப் போகும்போதுதான், அட, இது நாம்தானே என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். மைதானம் முழுக்க எண்ணெய் வைத்து வாரின தலைகள், எல்லாம் மலைவாசிகள், எல்லோருக்கும் பசி. ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. ஏதோ வேறு மலை போலிருக்கிறது என்று நின்றார்கள்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆடு மேய்ப்பவர்கள் புதுப்புல் வரட்டும் என்று சரிவில் தீ வைப்பார்கள், அது சில சமயம் சொன்ன பேச்சு கேட்காமல் மேலே ஏறிப் போகும். அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 'மரத்தைக் காப்போம்' என்று நான் வாசிக்கிற அதே நேரத்தில் காண்ட்ராக்டர் லாரி ஒன்று கட்டை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தை ஒட்டி முக்கி முனகிக்கொண்டு இறங்கும். அந்தச் சத்தத்தில் என் குரல் கேட்காது. பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், கையைக் காட்டுவார். லாரி போகிற வரைக்கும் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி மரத்தைக் காப்பேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "இன்னாம்மே, பேப்பர்ல இன்னா போட்டுக்கிறான்?" என்பதுதான். சாப்பிட்டியா என்பதெல்லாம் அப்புறம். நானும் சுருக்கமாகச் சொல்வேன். மழை இல்லை என்று சொன்னால், "அத்த நான் மேல பாத்தாலே சொல்லுவனே, அதுக்கு ஒரு பேப்பரா?" என்பார். மலைக்காரர்களால்தான் மழை குறைகிறது என்று போட்டதைச் சொன்னபோது, "மழைய நிறுத்தி வெக்கிற அளவுக்கு நமக்கு ஏது பவரு?" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பும் கோபமும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும், எது எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

எங்களுக்கு இருந்தது கிழக்குச் சரிவில் ஒரே ஒரு சாமை நிலம். மலையில் சரிவு நிலத்தை வருஷா வருஷம் உழ மாட்டார்கள். சில வருஷம் சாமை, ஒரு வருஷம் கொள்ளு, அப்புறம் மண் ஓய்ந்துபோய்விடும். கதிர் சிறுத்துப்போவதிலேயே அது தெரிந்துவிடும். அப்போது மூன்று வருஷத்துக்கு நிலத்தை ஆறப் போட்டுவிடுவார்கள். உழுவது கிடையாது, விதைப்பது கிடையாது. புல் மூடும், ஆவாரை முளைக்கும், ஆடு மேய்ந்து புழுக்கை போடும், வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் தெளிந்த தண்ணீர்தான் கீழே இறங்கும். அந்த வருஷங்களில் வீட்டில் கூலி வேலையும் புளியும் கிழங்கும்தான் சோறு. பசிக்கத்தான் செய்யும். நிலம் ஆறட்டும் என்று பொறுத்துக்கொள்வோம்.

இந்த ஏற்பாட்டில்தான் வந்து விழுந்தது மரம் நடுகிற திட்டம். காட்டு இலாகாவுக்கு மேலேயிருந்து உத்தரவு, இத்தனை இடத்தில் மரம் நட்டாக வேண்டும் என்று. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு ஆறப் போட்ட நிலத்துக்கும் சும்மா கிடக்கிற நிலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எங்களுக்குப் பக்கத்து ஊரில் அப்படித்தான் ஒருவர் ஆறப் போட்டிருந்த நிலத்தில் வரிசையாகக் குழி வெட்டித் தைலமரக் கன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் போய்க் கேட்டதற்கு, பட்டா காட்டு என்றார்கள். எங்கள் பக்கம் பாதிப் பேரிடம் பட்டா ஏது? மரம் இடுப்பளவு வளர்ந்தபோது அந்த இடம் காடு என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் தன் நிலத்துக்குள் கால் வைப்பதற்கே பயந்தார். எங்கள் நிலத்துக்கும் பட்டா கிடையாது. அந்த நிலம் அப்போது ஆறப் போட்ட முதல் வருஷத்தில் இருந்தது.

அப்பா யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் மலையில் தூரத்தில் புகை தெரிந்தால் அங்கே வீடு இருக்கிறது, மனுஷன் இருக்கிறான் என்று அர்த்தம். வழி தப்பினவர்கள்கூடப் புகையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். ஆகையால் நிலத்தின் நடுவில் ஒரு குடிசை போட்டு, தினமும் அடுப்பு எரிந்தால், யாரும் அதைக் காலி இடம் என்று சொல்ல முடியாது அல்லவா? இதுதான் அவருடைய திட்டம். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வூட்ல இருக்கிற அடுப்ப வுட்டுட்டு மேட்டு மேல போயி களி கிண்டணுமா நானு? ஊருல கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நெலம் போனா அளுவணும். எது தேவல?" என்றார் அப்பா.

அம்மா திட்டிக்கொண்டேதான் போனாள். ஆனால் போனாள். காய்ந்த புல் பற்றிக்கொள்ளாமல் இருக்க குடிசையைச் சுற்றி நன்றாகச் செதுக்கிவிட்டு, கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, சாயங்காலமானால் களிப் பானையும் தண்ணீர்க் குடமுமாக மேடேறுவாள். நான் சனிக்கிழமை வரும்போது வழியில் இருக்கிற மேட்டிலிருந்தே அந்தப் புகை தெரியும். பசியோடு நடந்து வருகிறவளுக்கு அதைப் பார்த்தால் என்ன சந்தோஷமாக இருக்கும் தெரியுமா? கால் தானாக வேகமெடுக்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் மூன்று பேரும் குடிசையில் இருந்தபோது காட்டு இலாகா கார்டு வந்து சேர்ந்தார். வயசான மனுஷர். மேடு ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"இன்னாய்யா, காட்டுல பொகை வுட்டுக்கினு கீற?"

"காடு இல்ல சாமி, நம்ம நெலம். ஆறப் போட்டுக்குது," என்றார் அப்பா.

"நெலம்னா பயிரு எங்க?"

"ஆறப் போட்டா பயிரு எப்டி சாமி இருக்கும்?"

"பயிரு இல்லன்னா அது காடு. காட்டுல அடுப்பு மூட்டுனா கேசு."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுப்பு எரியலன்னா ஆளு இல்ல, காலி எடம்னு சொல்றீங்கோ. எரிஞ்சா கேசுன்னு சொல்றீங்கோ. நாங்க இன்னாதான் பண்ணட்டும், சொல்லுங்கோ!"

அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கார்டிடம் நீட்டினாள். எந்த நேரத்தில் எதைக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவர் முழுசும் குடித்துவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அதிகாரம் எல்லாம் வடிந்து வெறும் கால்வலிக்காரர் ஆகிவிட்டார்.

"என்ன கேட்டா நான் இன்னா பண்றது? மரம் வெக்க எடம் காட்டு, எடம் காட்டுன்னு மேல இருந்து உசுர வாங்கறாங்க. காலியா கீற எடத்ததான நான் காட்ட முடியும்? வர்ற வாரம் ரேஞ்சர் வர்றாரு. அவரு வர்ற அன்னிக்கு இது உழுவற நெலம்னு பாத்தாலே தெரியணும். தெரிஞ்சா பேசாம போய்டுவாரு. அவ்ளோதான் நான் சொல்லுவேன். சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

அவர் இறங்கிப் போன பிறகு அம்மா சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். விடுதிக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் கேட்டேன், "உழுதுடுவியாப்பா?"

"மண்ணு காஞ்சு கெடக்கற இந்தக் காய்ச்சல்லயா? கலப்ப பட்டா மண்ணு எழுந்து பறந்துடும். மிச்சம் இருக்கிறத மழ வந்து வாரிக்கினு பூடும். இன்னும் ரெண்டு வருசம் கெடக்கணும் இது. உழ மாட்டேன். வரட்டும் அந்த ரேஞ்சரு, நான் பேசிக்கிறேன். நீ போயி படி."

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவர் பேசினால் ரேஞ்சர் கேட்டுக்கொள்வார் என்று நம்பிக்கொண்டே நடந்தேன். அந்த வயசில் நம்புவதற்கு அப்பாவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அந்த வியாழக்கிழமை காலை பிரேயரில் தாளைப் பிரித்தேன். முன்னாலேயே ஒருமுறை படித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தமிழ் சார் சொல்வார். அன்றைக்குப் படிக்கவில்லை, அலுப்பு. வழக்கமான வறட்சியை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி. 'ஜவ்வாது மலையில் காட்டுத்தீ.' வாசிக்க ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியாது. மலையின் கிழக்குச் சரிவில் சில வாரங்களாகச் சாயங்கால வேளைகளில் புகை தெரிவதாகக் கீழ் ஊர் மக்கள் சொல்கிறார்களாம். விவசாயத்துக்காக மலைவாசிகள் வைக்கும் தீயாக இருக்கலாம் என்று கருதப்படுகிறதாம்.

கிழக்குச் சரிவில் சாயங்காலம் எழும்புகிற புகை வேறு யாருடையது? அது என் அம்மா களி கிண்டுகிற புகை. மனுஷன் இருக்கிறான் என்று காட்டுவதற்காக அப்பா எழுப்பின புகையைக் கீழே இருக்கிறவர்கள் காடு எரிகிறது என்று படித்துவிட்டார்கள். எங்கள் வீட்டு அடுப்பு பேப்பரில் வந்துவிட்டது!

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகை வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றதில் எங்கிருந்தோ ஒரு கோபம் கிளம்பியது. இவ்வளவு நாளாக ஊரில் இருக்கிற கெட்டதையெல்லாம் வாசித்தாயிற்று, இன்றைக்கு ஒரு நல்லதை வாசித்தால் என்ன என்று தோன்றியது. தாளை மடிக்காமல், கண்ணையும் அதிலிருந்து எடுக்காமல், அதே செய்திக் குரலில் தொடர்ந்தேன்.

"ஜவ்வாது மலையின் கிழக்குச் சரிவில் ஒரு சாமை நிலம் ஆறப் போடப்பட்டுள்ளது. நிலத்தைப் புல் மூடியுள்ளது. மண் எங்கும் போகவில்லை. நிலத்தை யாரும் எரிக்கவில்லை, உழவில்லை, அது அமைதியாகக் கிடக்கிறது. அங்கே சாயங்காலம் தெரிவது களி கிண்டும் புகை. இத்துடன் செய்திகள் நிறைவடைகின்றன."

பின் வரிசையில் யாரோ 'களி' என்று சொல்லிக் களுக்கென்று சிரித்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். பிரேயரில் யாராவது கைதட்டுவார்களா? தட்டினார்கள். உப்புமா வரிசையில் ஒரு பொடிசு என் பாவாடையை இழுத்து, "அக்கா, எங்க நெலமும் ஆறப் போட்டுக்குதுக்கா, அதுவும் பேப்பர்ல வருமா?" என்று கேட்டது. வரும் என்று சொன்னேன். அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

பெரிய சார் மத்தியானம் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பாவம், குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். தாளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

"நீ கடைசியா வாசிச்சது இதுல எங்கம்மா இருக்கு?"

"இல்லைங்க சார். ஆனா நெசமா நடக்குறதுங்க சார்."

"நடக்குறதெல்லாம் செய்தியா? ஒரு நிலம் சும்மா கிடக்குதுன்னா அதுல என்ன செய்தி இருக்கு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். அப்புறம், பள்ளிக்கூடத்துக்கும் மரக்கன்று தருகிறோம் என்று காட்டு இலாகாவில் சொல்லியிருக்கிறார்கள், எதுக்கு வம்பு, இனிமேல் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார். எனக்கு வருத்தமில்லை. விட்டது தொல்லை என்றுதான் இருந்தது. என் மனசெல்லாம் சனிக்கிழமைமேல் இருந்தது. பேப்பர்ல இன்னா போட்டுக்கிறான் என்று அப்பா கேட்பார், நான் என் செய்தியை அதே குரலில் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

சனிக்கிழமை நடை நடையாக இல்லை, ஓட்டம். மேட்டின்மேல் ஏறி நின்று கிழக்கே பார்த்தேன். புகை இல்லை. கேசு ஆகிவிடும் என்று அடுப்பை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கண் கொஞ்சம் பழகின பிறகுதான் நிலம் தெரிந்தது. காய்ந்த புல் மூடி மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் செக்கச்செவேலென்று கிடந்தது. தோலை உரித்துப் போட்ட மாதிரி இருந்தது. காற்று ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதிலிருந்து தூசி எழுந்து சரிவில் இறங்கியது.

அப்பா நிலத்தின் ஓரத்தில் கலப்பையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கைகளில் கொப்புளம். ஈரமில்லாத மண்ணில் கலப்பை இறங்கியிருக்காது, அழுத்தி அழுத்தி ஓட்டியிருக்கிறார். அம்மா உழுசாலில் குனிந்து, பிடுங்கி எறியப்பட்ட புல்லை வேரோடு பொறுக்கி மாட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வேர்களில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாக உதறி நிலத்திலேயே போட்டாள்.

"ரேஞ்சரு வந்தாரு," என்றாள் அம்மா, நான் கேட்காமலே. "பாத்தாரு. ஒண்ணும் பேசாம பூட்டாரு."

நிலம் எங்களுடையதாகவே இருக்கும். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை. இனிமேல் வருஷா வருஷம் உழுதால்தான் அது எங்கள் நிலம், ஆற விட்டால் போய்விடும் என்பது அந்தச் சிவப்பைப் பார்த்த உடனே எனக்கும் புரிந்துவிட்டது. பை தோளில் தொங்கியபடியே அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் ஒரு அசதி.

பழக்கதோஷத்தில் அவர் கேட்டார், "பேப்பர்ல இன்னாம்மே போட்டுக்கிறான்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நம்ம நெலத்தப் பத்தி நானே வாசிச்சேம்பா. பிரேயர்ல. எல்லாரும் கை தட்டுனாங்க."

"நெசமாவா?" அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "இன்னான்னு வாசிச்ச?"

"ஆறப் போட்டுக்குதுன்னு. யாரும் உழுவல, மண்ணு எங்கயும் போவலன்னு."

அப்பா கொப்புளக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "என்னிக்கி வாசிச்ச?"

"வியாழக்கெழம காலைல."

"நான் ஏர் பூட்டுனது புதங்கெழம," என்றார்.

மலையில் நான் வாசித்த எல்லாச் செய்தியையும் போல அதுவும் ஒருநாள் பழசாகியிருந்தது. அம்மா கூப்பிட்டாள். நானும் இறங்கிப் போய் அவளோடு சேர்ந்து வேர்களில் இருந்த மண்ணை உதறினேன்.